கோட்டையா, வீடா? ஸ்டோக்சே மாளிகையும் இடைக்கால இங்கிலாந்தின் அரண் வீடுகளும்

இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்ஸை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஸ்டோக்சே காஸில் என்றொரு கட்டடம் இருக்கிறது. காஸில் என்றால் கோட்டை. படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்: சுற்றிலும் அகழி, இரண்டு கோபுரங்கள், உச்சியில் பல்வரிசை போன்ற ஞாயில்கள், சுவரில் அம்பு விடும் துளைகள். ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் இதைக் கோட்டைகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. அரணிட்ட மேனர் மாளிகை என்ற வேறொரு வகையில் வைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் இவ்வழியே பயணம் செய்த ஜான் லீலண்ட்கூட இது கோட்டை போலக் கட்டப்பட்டது என்றுதான் குறித்தார்; கோட்டை என்று எழுதவில்லை.

அந்த 'போல' எதைக் குறிக்கிறது என்பதே இக்கட்டுரை. இந்த வீடு ஒரு படையைத் தடுப்பதற்காகக் கட்டப்படவில்லை. திருடனையும் கொள்ளைக் கூட்டத்தையும் தடுக்கக் கட்டப்பட்டது. அதைவிட முக்கியமாக, வழிப்போக்கர் கண்ணில் இது ஒரு பிரபுவின் இருப்பிடம் என்று படவேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் கட்டடத்திலேயே இருக்கின்றன.

## முதலில், மேனர் என்றால் என்ன

இடைக்கால இங்கிலாந்தில் மேனர் என்பது வீட்டின் பெயர் மட்டும் அல்ல. அது ஒரு நில ஆட்சி அலகு. ஒரு பிரபுவின் கையில் இருக்கும் நிலம், அதில் அவர் நேரடியாகப் பயிரிடும் பகுதி, குடிகளுக்கு விட்ட பகுதி, குடிகள் அவருக்குத் தரவேண்டிய வாடகையும் உடலுழைப்பும், அவர்கள் வழக்குகளைத் தீர்க்கும் ஊர் நீதிமன்றம், பல இடங்களில் மாவு அரைக்கும் ஆலையும்கூட, எல்லாம் சேர்ந்ததுதான் மேனர்.

மேனர் மாளிகை இந்த அலகின் மையம். பிரபுவின் குடும்பம் அங்கே வாழும். குடிகள் வாடகை கட்டுவதும், வழக்குக்கு வந்து நிற்பதும், விழா நாளில் உண்பதும் அங்கே. அதனால் இத்தகைய வீட்டுக்கு ஒரு பெரிய கூடம் கட்டாயம் வேண்டும். கோபுரம் இல்லாத மேனர் மாளிகை உண்டு. கூடம் இல்லாத ஒன்றை நினைத்துப் பார்க்க முடியாது.

கோட்டையும் பிரபுவின் வீடுதான். ஆனால் அதன் திட்டம் முற்றுகையிலிருந்து தொடங்குகிறது. எத்தனை வாரம் தாங்கும், வாசலில் எத்தனை தடை வைக்கலாம், ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததன் அடிவாரத்தைக் காக்க முடியுமா என்பவையே அங்கே முதல் கேள்விகள். மேனர் மாளிகை கூடத்திலிருந்து தொடங்குகிறது. அரண் அதன்மேல் சேர்க்கப்படுவது.

## கட்டியவர் ஒரு கம்பளி வணிகர்

ஸ்டோக்சேயை 1281இல் வாங்கியவர் லாரன்ஸ் ஆஃப் லட்லோ. பரம்பரைப் பிரபு அல்ல. போர் வீரரும் அல்ல. கம்பளி வணிகர், அவருடைய தந்தையும் அதே தொழிலில் இருந்தவர். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் முதன்மை ஏற்றுமதி ஆட்டுக் கம்பளி. அது ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியப் பகுதி) தறிகளுக்கும் இத்தாலிக்கும் போனது. வேல்ஸ் எல்லைப் பகுதியின் கம்பளிக்கு நல்ல தரம் என்ற பெயர் இருந்தது. லாரன்ஸ் அந்த வணிகத்தில் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக உயர்ந்தார். எல்லைப் பிரபுக்களுக்குக் கடன் கொடுத்தார்.

அவர் இடம் வாங்கிய காலத்தைக் கவனிக்கவேண்டும். மன்னர் முதலாம் எட்வர்ட் 1277இலும் பிறகு 1282–83இலும் வேல்ஸ் மீது படையெடுத்தார். 1282இல் வேல்ஸின் இளவரசர் லெவலின் கொல்லப்பட்டார். தலைமுறைகளாகச் சண்டையிலேயே இருந்த எல்லையில் அதன்பிறகு ஓரளவு அமைதி வந்தது. லாரன்ஸின் வீடு எழுந்தது இந்த 1280களில்தான். ஐம்பது ஆண்டு முன்னால் இதே இடத்தில் இப்படிப்பட்ட சன்னல்களோடு ஒரு வீடு கட்டுவது பேராபத்து. அமைதி முழுமையாக இருந்ததா என்றால், இல்லை. 1294இல் மாடோக் என்பவர் தலைமையில் வேல்ஸில் மீண்டும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அகழியும் கோபுரமும் வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாததற்கு அது ஒரு காரணம்.

## ஞாயில் வைக்க மன்னரின் அனுமதி

1291இல் லாரன்ஸுக்கு எட்வர்ட் மன்னர் ஓர் அனுமதிப் பத்திரம் வழங்கினார். இதற்கு ஞாயில் உரிமம் என்று பெயர் சொல்லலாம். இந்தப் பத்திரங்களின் வழக்கமான வாசகம், குறிப்பிட்ட வீட்டைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட மதிலால் வலுப்படுத்தி அதன்மேல் ஞாயில் அமைத்துக்கொள்ளலாம் என்பது.

இதைப் படிக்கும் எவருக்கும், மன்னர் தன் நாட்டில் கோட்டைகள் பெருகாமல் கட்டுப்படுத்தினார் என்றுதான் தோன்றும். பழைய வரலாற்று நூல்கள் அப்படியே எழுதின. சார்ல்ஸ் கூல்சன் போன்ற ஆய்வாளர்கள் பத்திரங்களை மொத்தமாக ஆராய்ந்தபின் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. அவர்கள் முன்வைத்த வாதம் ஏறக்குறைய இதுதான்:

1. அனுமதி கேட்டவர்களுக்கு மறுப்பு வந்தது மிக அரிது. கட்டுப்பாட்டுக் கருவி என்றால் மறுப்புகள் நிறைய இருக்கவேண்டும்.

2. அனுமதி பெறாமலேயே ஞாயில் வைத்த வீடுகள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் தண்டிக்கப்படவில்லை.

3. கேட்டவர்களில் பலர் பெரும் பிரபுக்கள் அல்லர். அடுத்த படியில் இருந்தவர்களும் புதிதாக மேலே வந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். மன்னரின் முத்திரை பதிந்த பத்திரம் அவர்களுக்கே அதிகம் தேவைப்பட்டது.

ஆகவே இந்தப் பத்திரத்தைக் கட்டட அனுமதி என்று மட்டும் பார்ப்பதைவிட, அந்தஸ்துக்கான சான்றாகவும் பார்ப்பது சரி. லாரன்ஸின் விஷயத்தில் இது நன்றாகவே பொருந்துகிறது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அது வெட்டப்பட்ட காலத்தைக் கண்டறியும் முறையில் ஸ்டோக்சேயின் கூரை மரங்களையும் தள மரங்களையும் சோதித்தபோது, 1291க்குள் வீட்டின் பெரும்பகுதி எழுந்துவிட்டது என்று தெரிந்தது. கட்டிக்கொண்டே வந்து, முடியும் தறுவாயில் முத்திரை வாங்கியிருக்கிறார்.

அதே ஷ்ராப்ஷயரில் ஆக்டன் பர்னெல் என்ற மாளிகைக்கு 1284இல் இதே உரிமம் கிடைத்தது. அதன் உரிமையாளர் ராபர்ட் பர்னெல், மன்னரின் தலைமை அமைச்சர், ஆயர். ஒரு கம்பளி வணிகர் அவருக்குக் கிடைத்த அதே வகைப் பத்திரத்தை ஏழு ஆண்டுகளில் தானும் பெற்றார் என்பது அக்காலச் சமூகத்தில் சிறிய செய்தி அல்ல.

## கட்டடத்தின் உள்ளே

ஸ்டோக்சேயின் முக்கியப் பகுதிகள் வடக்கிலிருந்து தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன: வடகோபுரம், பெருங்கூடம், குடும்பத்தின் தனியறைப் பகுதி, தென்கோபுரம். இவற்றுக்குக் கிழக்கே முற்றம். அனைத்தையும் அகழி சூழ்கிறது. ஒருகாலத்தில் முற்றத்தில் சமையற்கட்டு போன்ற பிற கட்டடங்களும் இருந்தன, இப்போது இல்லை.

### பெருங்கூடம்

இந்த வீட்டில் அதிக நேரம் நின்று பார்க்கவேண்டிய இடம் இது. நீளம் சுமார் 16.6 மீட்டர், அகலம் சுமார் 9.4 மீட்டர். இந்த அகலம்தான் விஷயம்.

அக்காலத்தில் அகலமான கூடத்துக்குக் கூரை போட எளிய வழி, உள்ளே இரண்டு வரிசைத் தூண்களை நிறுத்துவது. கூரையின் எடை தூண்கள் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். ஆனால் கூடம் மூன்று துண்டாகப் பிரிந்துபோகும்; பிரபு ஒரு முனையில் உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு அவர் தெரியமாட்டார். ஸ்டோக்சேயில் தூணே கிடையாது.

எப்படிச் சமாளித்தார்கள்? இருபக்கச் சுவர்களிலிருந்தும் வளைந்த பெருமரங்களை மேலே எழுப்பி, உச்சிக்குக் கீழே குறுக்குவிட்டங்களால் பிணைத்தார்கள். இப்படி மூன்று மர வளைவுகள். சாய்வான கூரை தன் எடையால் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். குறுக்குவிட்டம் இரு சரிவுகளையும் இழுத்துப் பிடிக்கிறது. வளைமரம் எஞ்சிய எடையைச் சுவரில் கீழ்நோக்கி இறக்குகிறது. முதலில் இந்த வளைமரங்களின் கால்கள் கிட்டத்தட்டத் தரை வரை வந்தன. அடிப்பகுதி பிற்காலத்தில் வெட்டப்பட்டு, இப்போது 19ஆம் நூற்றாண்டுக் கல் தாங்கிகள் மேல் நிற்கின்றன. மேலே இருப்பது 700 ஆண்டுக்கு முந்திய மரம்தான்.

கூடத்தில் புகைபோக்கி கிடையாது. தரையில் எண்கோண வடிவில் ஒரு திறந்த கணப்பு மேடை. நெருப்பு அங்கே எரியும், புகை மேலெழுந்து கூரை வழியாக வெளியேறும். அந்தப் புகைக்கரி இன்னும் கூரை மரங்களில் படிந்திருக்கிறது.

வட முனையில் ஒரு மரப் படிக்கட்டு சுவரை ஒட்டி மேலேறுகிறது. அதன் படிகள் பலகையால் ஆனவை அல்ல. முழு அடிமரத்தை அறுத்து, ஒவ்வொரு படியையும் திண்ணிய கட்டையாகவே வைத்திருக்கிறார்கள். இதுவும் லாரன்ஸின் காலத்தது. இடைக்கால மரப் படிக்கட்டு ஒன்று அதே இடத்தில் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பது மிக அரிது. ஏறியிறங்கிய கால்களையும் ஈரத்தையும் பூச்சியையும் மீறி அது நிற்பதைப் பார்க்கையில், அந்தத் தச்சர்களின் பெயர் நமக்குத் தெரியாமல் போனது வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்து சன்னல்கள். கூடத்தின் இருபக்கமும் உயரமான சன்னல்கள். ஒவ்வொன்றின் மேலும் கூரை முக்கோணமாக எழும்பி நிற்கிறது. கிழக்கில் இருப்பவை முற்றத்தைப் பார்க்கின்றன, அதில் வியப்பில்லை. மேற்கில் இருப்பவை நேராக அகழிக்கு அப்பால், வெளியுலகை நோக்கித் திறக்கின்றன. போருக்காகத் திட்டமிடும் எந்தக் கொத்தரும் வெளிச்சுவரில் இப்படி ஓட்டை விடமாட்டார். இந்த வீட்டின் நோக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் பத்திரத்தையும்விட இந்த மேற்குச் சன்னல்கள் தெளிவாகப் பேசுகின்றன.

### தனியறைப் பகுதி

கூடத்தின் தென்முனையை ஒட்டி, மேல்மாடியில், குடும்பத்துக்கான தனியறை. ஆங்கிலத்தில் இதை சோலார் என்பார்கள். கூடத்திலிருந்து இதற்கு நேர் வழி இல்லை. முற்றத்துக்கு வந்து, வெளிப்புறக் கற்படியில் ஏறித்தான் போகவேண்டும். ஆனால் அறையின் சுவரில் சிறு பார்வைத் துளைகள் உண்டு. கீழே கூடத்தில் யார் வருகிறார்கள், என்ன நடக்கிறது என்பதை மேலிருந்தே பார்க்கலாம். அறையில் இப்போது கண்ணைப் பறிக்கும் செதுக்கு மரவேலை 17ஆம் நூற்றாண்டில் வந்தது.

### இரு கோபுரங்கள்

தென்கோபுரம்தான் படங்களில் கோட்டை என்று நம்மை நம்பவைப்பது. மூன்று தளம், ஞாயில்கள், அம்புத் துளைகள், சமமற்ற பக்கங்கள் கொண்ட ஐங்கோண வடிவம். எட்வர்ட் மன்னர் 1283இல் வேல்ஸில் தொடங்கிய கெர்னார்ஃபன் கோட்டையின் கோபுரங்களும் பலகோணமானவை. புதிதாக எழுந்த அரச கோட்டைகளின் தோற்றத்தை ஒரு வணிகர் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார் என்று கருத இடமிருக்கிறது.

அதன் சுவர்கள் தடிமனானவை. ஆனால் அந்தத் தடிமனுக்குள்ளேயே படிக்கட்டுகளையும் கழிப்பறைகளையும் குடைந்து வைத்திருக்கிறார்கள். வசதிக்காகச் சுவரின் பலத்தை விட்டுக்கொடுத்த இந்த ஏற்பாட்டால் முட்டுச்சுவர்கள் தேவைப்பட்டன.

வடகோபுரத்தின் கீழ்ப்பகுதி கல். உச்சித் தளம் மரச்சட்டம், அதுவும் கற்சுவரைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்போதைய மரவேலையில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது.

## எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

இப்போது அரணை எடைபோடலாம்.

1. திருடனும் சிறு கொள்ளைக் கும்பலும்: தடுக்கும். அகழியின் அகலம் 4.6 மீட்டருக்குக் குறையாது. அதன் அடியிலிருந்து பார்த்தால் மதில் சுமார் 10 மீட்டர் உயரம். ஏணி இல்லாமல் ஏறமுடியாது. ஒரு வணிகரின் வீட்டில் ரொக்கமும் கடன் பத்திரங்களும் இருக்கும். அவற்றுக்கு இந்தக் காவல் பொருத்தமானதே.

2. எல்லை தாண்டி வரும் திடீர்க் குதிரைப்படை: ஒருநாள், இரண்டுநாள் தாக்குப்பிடிக்கலாம். தென்கோபுரத்துக்குள் ஒதுங்கி, உதவி வரும் வரை காத்திருக்கலாம்.

3. முறையான படை: தடுக்காது. மேற்குச் சன்னல்கள் இருக்கும்வரை வாசலை எவ்வளவு காத்தாலும் பயனில்லை. ஒரு கோபுரம் இன்னொன்றைக் காக்கும் அமைப்பும் இல்லை. இதே ஆண்டுகளில் எட்வர்ட் எழுப்பிய கான்வி கோட்டையில் எட்டுப் பெருங்கோபுரங்கள் மதிலின் ஒவ்வொரு அடியையும் கண்காணிக்கும்படி நிற்கின்றன. இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்கான கட்டடங்கள்.

அரண் வீட்டை நிஜமான படை தாக்கினால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் எய்டன் காட்டுகிறது. நார்தம்பர்லாந்தில் உள்ள அந்த மாளிகைக்கு 1305இல் ஞாயில் உரிமம் கிடைத்தது. அங்கேயும் அமைதி நீடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் வீடு தொடங்கியது. போர் மூண்டதும் மதில்கள் சேர்க்கப்பட்டன. அவை போதவில்லை. 1315இல் ஸ்காட்டியர்கள் அதைச் சூறையாடினார்கள். 1346இல் மறுபடியும் அவர்கள் கையில் விழுந்தது. ஸ்டோக்சே தப்பித்தது மதிலின் வலிமையால் அல்ல. வேல்ஸ் எல்லை அடங்கியது. ஸ்காட்லாந்து எல்லை அடங்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

ஸ்டோக்சேக்கும் ஒரு சோதனை வந்தது, 350 ஆண்டு கழித்து. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பின் சிறு காவற்படை இங்கே இருந்தது. 1645 ஜூனில் அருகிலுள்ள லட்லோ நகரை நோக்கிச் சென்ற நாடாளுமன்றப் படை வழியில் இதைச் சூழ்ந்தது. முதல் முறை சரணடையக் கேட்டபோது மறுத்தார்கள். இரண்டாம் முறை கேட்டபோது கதவைத் திறந்துவிட்டார்கள். பீரங்கிக் காலத்தில் அந்தச் சுவர்களை நம்பி உயிரைக் கொடுப்பது வீண் என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. போருக்குப்பின், மீண்டும் பயன்படாதபடி மதிலை இடித்துத் தாழ்த்தினார்கள். வீட்டை அதிகம் தொடவில்லை. பக்கத்திலிருந்த தேவாலயம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டு 1654இல் திரும்பக் கட்டப்பட்டது.

## லாரன்ஸ் வாழ்ந்தது சில ஆண்டுகளே

1294இல் பிரான்சோடு போர் வந்தது. மன்னருக்குப் பணம் தேவைப்பட்டது. 1275 முதல் ஒரு மூட்டைக் கம்பளிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் ஏற்றுமதி வரி இருந்தது. மூட்டை என்றால் 364 ராத்தல், அதாவது சுமார் 165 கிலோ. இப்போது அதற்கு 40 ஷில்லிங் என்ற புதிய வரி வந்தது. பழையதைப்போல ஆறு மடங்கு. இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்ததில் லாரன்ஸுக்கு முக்கியப் பங்கு இருந்தது.

வணிகர்கள் அந்தச் சுமையைத் தங்கள் தோளில் தாங்கவில்லை. ஆடு வளர்ப்பவர்களுக்குத் தரும் விலையைக் குறைத்தார்கள். வளர்ப்பவர்களில் பெரியவை மடாலயங்கள். ஆகவே அவர்களுக்கு லாரன்ஸ் மேல் கடுங்கோபம். அதே ஆண்டு நவம்பரில் கம்பளி ஏற்றிக்கொண்டு கடல் கடந்த கப்பல் சஃபோக் கரையில் ஆல்ட்பரோ அருகே மூழ்கியது, லாரன்ஸ் இறந்தார். கம்பளிக்காரர்களுக்குப் பாவம் செய்தவன் கம்பளி நிறைந்த கப்பலிலேயே மூழ்கினான் என்று டன்ஸ்டபிள் மடத்தின் குறிப்பேடு பதிவு செய்தது.

உரிமம் கிடைத்து மூன்றே ஆண்டுகள். ஆனால் வீடு என்ன செய்யவேண்டும் என்று அவர் நினைத்தாரோ அதைச் செய்தது. அவருடைய வாரிசுகள் வணிகர்களாக அல்ல, நிலப் பிரபுக்களாக, இரண்டு நூற்றாண்டு அங்கே வாழ்ந்தார்கள்.

## ஏன் மாறாமல் எஞ்சியது

பணக்கார உரிமையாளர் தொடர்ந்து வாழ்ந்த வீடுகள் தலைமுறைக்கு ஒருமுறை இடித்து மாற்றப்பட்டன. 1620இல் ஸ்டோக்சேயை வாங்கிய கிரேவன் குடும்பத்துக்கு வேறு இடங்களும் இருந்தன. வீடு குத்தகைக்குப் போனது. காலப்போக்கில் பண்ணைக் கட்டடமாகிவிட்டது. பெருங்கூடம் தானியக் கிடங்கானது. தென்கோபுரத்தின் அடியில் கொல்லுப்பட்டறை இயங்கி, 1830இல் தீப்பிடித்தது. கவனிப்பாரற்றுப் போனதால் புதுமோகத்திலிருந்து தப்பித்தது. இன்னும் சில பத்தாண்டு அப்படியே விட்டிருந்தால் இடிந்திருக்கும்.

1830களில் பிரான்சிஸ் ஸ்டாக்ஹவுஸ் ஆக்டன் என்ற உள்ளூர்ப் பெண்மணி இதைக் காக்கவேண்டும் என்று உரிமையாளரிடம் வற்புறுத்திப் பழுதுபார்க்கச் செய்தார். 1869இல் கையுறைத் தொழிலதிபர் ஜான் டெர்பி ஆல்கிராஃப்ட் வாங்கினார். அக்காலத்தில் பழைய கட்டடத்தைப் 'புதுப்பிப்பது' என்றால் தம் கற்பனையில் இருக்கும் இடைக்காலத்தைக் கட்டுவது என்று பலர் நினைத்தார்கள். ஆல்கிராஃப்ட் அந்த வழியில் போகவில்லை. இருப்பதை நிறுத்திவைக்கும் வேலையை மட்டும் செய்தார். இந்தக் கட்டடத்துக்கு நேர்ந்த நல்லவற்றில் முதலிடம் இதற்குத்தான். 1992 முதல் இது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

## பார்ப்பவர் பிரித்துக்கொள்ள வேண்டியவை

இன்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் 13ஆம் நூற்றாண்டு அல்ல. படத்தையோ கட்டடத்தையோ பார்க்கும்போது இவற்றைத் தனியே எடுத்துவைக்கவேண்டும்:

1. வாயில் மாளிகை: மஞ்சள் பூச்சும் மரச்சட்டமும் கொண்ட இது 1640–41இல் கட்டியது. கதவருகே ஆதாம், ஏவாள், பாம்பு செதுக்கப்பட்டிருக்கும். அழகானது, ஆனால் மரத்தால் ஆன வாயில் எந்த முற்றுகைக்கும் ஆகாது. அப்போதே இதைக் கோட்டையாக யாரும் நினைக்கவில்லை என்பதற்கு இது சான்று.

2. தாழ்ந்த மதில்: இப்போது முற்றத்திலிருந்து வயல்வெளி திறந்து தெரிகிறது. லாரன்ஸ் காலத்தில் உயர்ந்த மதில் மறைத்திருக்கும். அதனால் இன்றைய தோற்றம் அன்றையதைவிட வீட்டுத்தன்மை கூடியது. இதை மறந்துவிட்டு இது அரணே அல்ல என்று முடிவுகட்டுவதும் தவறு.

3. உலர்ந்த அகழி: தண்ணீர் இல்லாத பள்ளமாக இருக்கிறது. அதைத் தோண்டிய மண்ணைப் போட்டுத்தான் முற்றத்தை உயர்த்தினார்கள். எனவே உள்ளே நிற்பவர் வெளியே நிற்பவரைவிட மேட்டில் இருக்கிறார்.

4. தனியறையின் மரச் செதுக்கல், வடகோபுர உச்சியின் மரச்சட்டம், கூடத்து வளைமரங்களின் கல் தாங்கிகள்: முதல் இரண்டும் 17ஆம் நூற்றாண்டு, மூன்றாவது 19ஆம் நூற்றாண்டு. இவற்றைக் கழித்தபின் எஞ்சும் கூரை, படிக்கட்டு, மேற்குச் சன்னல்கள், தென்கோபுரம் ஆகியவற்றில்தான் லாரன்ஸ் கட்டிய வீடு இருக்கிறது.